தேதி தப்பினால் நெட்டும் தப்பும்

கணினியை ஆன் செய்ததும் திரை மூலையில் 1 ஜனவரி 2015. எந்தத் தளத்தைத் திறந்தாலும் "இணைப்பு பாதுகாப்பானதல்ல".

வைரஸ் இல்லை. விண்டோஸை மறுபடி போடவும் வேண்டாம். (கை முதலில் அதற்குத்தான் போகும்!)

மதர்போர்டில் காசு மாதிரி ஒரு பேட்டரி, பெரும்பாலும் சிஆர்2032, 3 வோல்ட். அது தீர்ந்தால், பிளக்கைப் பிடுங்கியதும் கடிகாரம் பழைய தேதிக்கு ஓடிவிடும். அந்தத் தேதியில் தளங்களின் சான்றிதழ் (தளம் அசல்தான் என்று காட்டும், தேதி வரம்புள்ள அடையாளச் சீட்டு) பிறக்கவே இல்லை. பிரவுசர் எப்படி நம்பும்?

பவர் கேபிளைக் கழற்றுங்கள். ஓரத்துக் கிளிப்பை நகத்தால் தள்ளினால் பேட்டரி துள்ளி வரும். புதியதில் பிளஸ் குறி மேலே. பிறகு பயாஸில் (விண்டோஸுக்கு முன்னே ஓடும் மதர்போர்டின் அமைப்புத் திரை) தேதி, நேரம் சரிசெய்யுங்கள்.

பேட்டரியைக் கழற்றினால் பயாஸ் அமைப்புகளும் மாறிவிடலாம்; அதனால் கழற்றுமுன் அந்தப் பக்கங்களை போனில் படம் பிடித்துவிடுங்கள். சாட்டா மோடு (டிஸ்க்குடன் கணினி பேசும் முறை) ஏஎச்சிஐயிலிருந்து ரெய்டுக்கு மாறினாலே விண்டோஸ் ஏறாமல் முரண்டு பிடிக்கும்.