சி37

"சார், டவர் பேசி முடிச்ச உடனே பைலட் பதில் சொல்வார் இல்லையா? அதுக்குள்ள கெயின் திரும்ப ஏறிடுமா?"

டவருக்கான ரேடியோ ரிசீவர் போர்டைப் பார்த்து ஜூனியர் கேட்டது இவ்வளவுதான். கெயின் என்றால் ரிசீவர் சிக்னலைப் பெருக்கும் அளவு. "அதான் மியூட் லைன் இருக்கேம்மா" என்று, டவர் பேசும்போது ரிசீவரின் வாயை அடைக்கும் இணைப்பைக் காட்டிவிட்டு அடுத்த போர்டுக்குப் போய்விட்டேன்.

2 கிலோமீட்டரில் இருக்கும் விமானத்துக்கும் 200 கிலோமீட்டரில் இருப்பதற்கும் பவர் ஒன்றாகவே இருந்தாலும் சிக்னலில் 40 டெசிபல், அதாவது பத்தாயிரம் மடங்கு வித்தியாசம். அதைச் சமாளிக்கத்தான் ஏடி8367, சிக்னல் பலமானால் கெயினைத் தானே இறக்கும் சிப். டெசிபலுக்கு 20 மில்லிவோல்ட் கணக்கில் அதன் கட்டுப்பாட்டு வோல்டேஜ் 0.8 வோல்ட் ஏறி இறங்க வேண்டும். அந்த வோல்டேஜைப் பிடித்து வைத்திருப்பது சி37 என்கிற கெபாசிட்டர். 0.1 மைக்ரோஃபாரட் போட்டால் கெயினைச் சரிசெய்யும் இந்த லூப் வேகமாக ஓடும். ஆனால் டவரும் விமானமும் பேசுவது ஏஎம் முறையில். குரலே அலையின் ஏற்ற இறக்கம்தான், லூப் அதையும் சமன் செய்யப் பார்க்கும். வார்த்தைகள் அமுங்கிப்போயின. 1 மைக்ரோ வைத்ததும் குரல் தெளிந்தது. அந்த 1 நான் எழுதியது. அது தப்பென்று இன்றும் முழுசாகத் தோன்றவில்லை.

சைட்டில் கன்ட்ரோலர் ஒருவர், "முதல் வார்த்தையை முழுங்குது சார்" என்றார். ஸ்கோப்பை வைத்துப் பார்த்தோம். டவரின் சொந்த டிரான்ஸ்மிட்டர் பக்கத்திலேயே அலறுகிறது. மியூட் லைன் ஸ்பீக்கரைத்தான் அடைக்கிறது. அதற்கு முன்னால் சி37 பாட்டுக்கு நிரம்பிக்கொண்டிருக்கிறது, கெயினும் இறங்கிவிடுகிறது. 470 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக 0.9 வோல்ட் 0.1க்கு வடிந்து கெயின் திரும்ப ஏற ஒரு நொடி. அந்த ஒரு நொடியில்தான் பைலட் வாயைத் திறக்கிறார்.

மீட்டிங்கில் ஒரு சமாதானம் சொன்னேன். பைலட் அழைக்கும்போது முதலில் வருவது நிலையத்தின் பெயர், தன் பெயர் கன்ட்ரோலருக்குத் தெரியாதா என்ன? எல்லோரும் தலையாட்டினார்கள். ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது. அழைப்பில் அப்படி. உத்தரவைத் திருப்பிச் சொல்லும்போது விமானத்தின் பெயர் கடைசியில் வரும், முதலில் வருவது 'கிளைம்ப்' அல்லது 'டிசெண்ட்', ஏறுவதா இறங்குவதா என்பதே. சரி, புரியாவிட்டால் கன்ட்ரோலர் மறுபடி கேட்பார், ரேடாரும் இருக்கிறது. இருந்தாலும்.

மியூட் லைனிலிருந்து ஸ்விட்ச் மாதிரி வேலை செய்யும் ஒரு டிரான்சிஸ்டரை (ஃபெட்) இணைத்து, டவர் பேசும்போது சி37 நிரம்பாமல் தடுத்தோம். யோசனை அந்த ஜூனியருடையது. கிட்ட இருக்கும் விமானம் பேசிய கையோடு தூரத்து விமானம் பேசினால் அதே ஒரு நொடி இன்னும் பாக்கி. சி37ஐ 0.47 மைக்ரோவுக்கு இறக்கலாமா என்று இரண்டு பேரும் இப்போதும் இழுத்துக்கொண்டிருக்கிறோம்.

அன்று அவர் கேள்வியாகக் கேட்காமல் "இது வேலை செய்யாது சார்" என்று அடித்துச் சொல்லியிருந்தால் நின்றிருப்பேன் என்று நினைத்துக்கொள்வேன். நின்றிருக்க மாட்டேன். அன்றைக்கு ஏழு போர்டு பாக்கி.

டிராயிங்கின் திருத்தக் கட்டத்தில் 'கள ஆய்வில் கண்டறியப்பட்டது' என்று எழுதியிருக்கிறது. பக்கத்தில் என் இனிஷியல். சரிபார்த்தவர் கட்டத்தில் அவருடையது.