போவிட்டியாவைச் சாடியில் வளர்க்க

கொழும்பைச் சூழ்ந்த ஈரநிலங்களின் ஓரங்களில் தானாகவே முளைத்து ஊதாப் பூப் பூக்கும் போவிட்டியா, வீட்டில் வளர்க்க மிகவும் உகந்த புதர்ச்செடி என்பது என் கருத்து. ஈரநிலங்களைக் காக்கும் பன்னாட்டு உடன்படிக்கையான ராம்சாரின் கீழ், 2018இல் ஈரநில நகரம் என்ற அங்கீகாரத்தைப் பெற்ற இந்நகரின் நாற்றுப்பண்ணைகளில் போகன்வில்லா கிடைக்கும் அளவுக்கு இச்செடி கிடைப்பதில்லை என்பது சற்று வெட்கத்துக்குரியது. கேட்டால், இலைக்கஞ்சிக்குப் பயன்படும் ஹீன் போவிட்டியா என்ற வேறு செடியை எடுத்துத் தருவார்கள். அதன் பூவுக்கு நான்கு இதழ்கள். நாம் தேடுவதற்கு ஐந்து.

பூவை அருகில் வைத்துப் பார்த்தால் இருவகை மகரந்தத்தாள்கள் தெரியும். மஞ்சள் நிறக் குட்டைத் தாள்கள் வண்டுக்கான உணவு. வளைந்து நீண்ட ஊதாத் தாள்களோ, வண்டு உண்டுகொண்டிருக்கும்போதே அதன் உடலில் மகரந்தத்தைப் பூசிவிடுகின்றன. தேன் கிடையாது. கருவண்டு பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரச்செய்தால்தான் தாளின் நுனித் துளை வழியே மகரந்தம் உதிரும். ஒரு பூவின் ஆயுள் ஒரே நாள் என்றாலும், மொட்டுகள் அடுத்தடுத்து விரிவதால் செடி வெறுமையாகத் தோன்றுவதில்லை.

இச்செடிக்கு வேண்டியது புளிப்புத்தன்மையுள்ள, சத்துக் குறைந்த, ஈரமான மண். அத்தகைய மண்ணில் கரைந்து பிற பயிர்களின் வேரைக் கெடுக்கும் அலுமினியத்தை இது உறிஞ்சி இலையில் சேர்த்துக்கொள்கிறது. உலர்ந்த இலையில் கிலோவுக்கு 10 கிராமுக்கு மேலும் இருக்கக்கூடும். ஆகவே, இடிபாடு கொட்டி நிரப்பிய நம் வளவுகளில் சீமெந்தின் சுண்ணாம்பு ஊறிய மண்ணில் இதை நட்டால் இலை மஞ்சளாகிவிடும். அதற்கு உரம் போட்டுப் பயனில்லை. தும்புத்தூளும் மணலும் கலந்த சாடியில் வைத்து, தட்டில் எப்போதும் சிறிது மழைநீர் நிற்கும்படி பார்த்துக்கொண்டால் பல்கனியிலும் பூக்கும். வெயில் மட்டும் தாராளமாக வேண்டும்.

புதுச் செடி உண்டாக்க, முற்றியும் முற்றாமலும் இருக்கும் கிளையில் இரண்டு மூன்று கணுக்களுள்ள துண்டை வெட்டி, மேலே ஓரிரு இலைகளை மட்டும் விட்டு, ஈர மணலில் ஊன்றி, அடி வெட்டிய பிளாஸ்டிக் போத்தலால் மூடி நிழலில் வையுங்கள். மெல்ல இழுத்துப் பார்க்கும்போது பிடிமானம் தெரிந்தால் வேர்விட்டது என்று பொருள். விதைக்குப் பொறுமை வேண்டும். நாக்கைக் கறுப்பாக்கும் சதையிலிருந்து விதையைக் கழுவிப் பிரித்து, தூள் போன்ற அதனை மணலோடு கலந்து மண்ணின் மேலே தூவுங்கள். முளைக்க வெளிச்சம் தேவை என்பதால் மண்ணால் மூடலாகாது; நீரையும் மேலே ஊற்றாமல் சாடியை நீர்த்தட்டில் வைத்து அடியிலிருந்து ஊறவிட வேண்டும்.

தாய்ச்செடிக்காகப் பொதுப் பூங்காக்களில் கிளை ஒடிக்க வேண்டாம். வெற்றுக் காணியொன்றைத் துப்புரவாக்கும்போது வெட்டி எறியும் செடியிலிருந்து, காணிக்காரரிடம் கேட்டு நான்கு கிளைகள் எடுத்தாலே போதுமானது.