ஓரியூர் செம்மண்ணிலிருந்து சருகணியின் உயிர்ப்பு இரவுக்கு

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் ஈஸ்டர் ராத்திரிக்குச் சருகணி கோயிலுக்கு வருவதாக நேர்ந்துகொண்ட குடும்பங்கள் உண்டு. நேர்ச்சை எதுவானாலும், ஈஸ்டருக்கு முந்தின நாளான பெரிய சனிக்கிழமை பகலில் முதலில் ஓரியூருக்குப் போய்விட்டு, அப்புறம் சருகணிக்குத் திரும்புங்கள். புனித அருளானந்தர் வெட்டுப்பட்ட இடத்தைப் பார்த்த கண்ணோடு, ஆண்டவர் கல்லறை திறக்கும் இரவுக்குள் போனால் அந்த இரவே வேறாக இருக்கும்.

1693 பிப்ரவரி 4, புதன்கிழமை. ஓரியூர் மண்ணில் அருளானந்தர் தலை வெட்டப்பட்டார். ஜான் டி பிரிட்டோ என்ற பேரில் லிஸ்பனில் பிறந்து, குருவாக வந்து, நம்மூர் சந்நியாசியாகக் காவி கட்டி வாழ்ந்தவர். அன்று சாம்பல் புதன். அந்த வருஷம் ஈஸ்டர் மார்ச் 22. வசந்தப் பௌர்ணமியை அடுத்த ஞாயிறு என்ற கணக்குப்படி அதற்கு முன்னால் ஈஸ்டர் வரவே முடியாது. எத்தனையோ தலைமுறைக்கு ஒருமுறைதான் அந்தத் தேதியில் விழும். தவக்காலத்தின் முதல் நாளில் அவர் விழுந்தார். உயிர்ப்போ எவ்வளவு சீக்கிரம் வர முடியுமோ அவ்வளவு சீக்கிரம் வந்தது. இதைத் தற்செயல் என்று சொல்ல விசுவாசியின் நாக்கு எழாது. 1947-ல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. அதற்கு எவ்வளவோ முன்பே இந்தச் சீமை ஜனம் அந்தச் செம்மண்ணை நெற்றியில் இட்டுக்கொண்டுவிட்டது.

போகும் வழி: தேவகோட்டையிலிருந்து திருவாடானை வரை பேருந்துக்குக் கவலையில்லை. அதற்கப்பால் குறைவு, திரும்பும் வண்டி எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பெரிய சனிக்கிழமை பகலில் பூசை கிடையாது, பீடம் துணியில்லாமல் வெறிச்சென்றிருக்கும். அதைப் பார்த்துக் கோயில் ஏமாற்றிவிட்டதாக நினைக்க வேண்டாம். அந்த வெறுமையும் வழிபாடுதான். மண் ஒரு சிட்டிகை போதும். பை நிறைய அள்ளுவது பக்தியில்லை.

பாவசங்கீர்த்தனத்தை, அதாவது குருவிடம் பாவ அறிக்கை செய்வதை, ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத் தொடக்கத்திலேயே முடித்துவிடுங்கள். கடைசி நேரத்தில் வரிசையில் நின்றால் வெளியே உயிர்ப்பு இரவின் புதுத் தீயை மூட்டிவிடுவார்கள், நீங்கள் உள்ளேயே இருப்பீர்கள்.

சருகணி கோயில் மருது பாண்டியர் மானியம் கொடுத்த கோயில். உயிர்ப்புத் தேரும் அவர்கள் தந்தது என்றே ஊர் சொல்லும். உள்ளே பிரான்ஸிலிருந்து வந்த லெவே சுவாமியின் கல்லறை இருக்கிறது. 1973 மார்ச் 21-ல் இறந்தவர். தண்ணீருக்கு ஏங்கிய இந்த ஊர்களில் குளம் வெட்டியவர். கூட்டம் சேருமுன் போனால்தான் அங்கே முழங்காலிட இடம் கிடைக்கும்.

இனி அந்த இரவு. இருட்டிய பிறகுதான் தொடங்கும், விடியுமுன் முடியும். கையில் வேண்டியது மூன்று: ஆளுக்கொரு மெழுகுதிரி, நடுவில் ஓட்டை போட்ட வட்ட அட்டை, தீர்த்தத்துக்குக் காலி பாட்டில். வாசலில் விற்கும் பென்சில் கனத் திரி சீக்கிரம் கரைந்துவிடும். திரியோ இரண்டு முறை ஏற்ற வேண்டும்: பவனியில் ஒரு முறை, ஞானஸ்நான வாக்குறுதியைப் புதுப்பிக்கும்போது ஒரு முறை. கட்டை விரல் கனத்தில் வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். வாசகங்களுக்கு உட்காரும்போது அணைத்துவிடுங்கள். பக்கத்தவரிடம் ஏற்றும்போது எரியும் திரியைச் சாய்க்காதீர்கள்; எரியாத திரியைச் சாய்த்து அதன் சுடரில் நீட்டுங்கள். இதைத் தலைகீழாகச் செய்வதால்தான் வருஷா வருஷம் யாராவது ஒருவர் கையில் மெழுகு கொட்டுகிறது. பிளாஸ்டிக் கப்பு வேண்டாம், உருகி ஒட்டும். முக்காட்டு முந்தானையை முன்னால் செருகிக்கொள்ளுங்கள்.

புதுத் தீயின் பக்கத்தில் நில்லுங்கள். பாஸ்கா திரியில், அதாவது உயிர்த்த கிறிஸ்துவைக் குறிக்கும் பெரிய மெழுகுதிரியில், குருவானவர் சிலுவை கீறுவார், மேலே ஆல்பா, கீழே ஒமேகா என்ற கிரேக்க முதல், கடைசி எழுத்துகள், நான்கு மூலைக்கு நான்காக அந்த வருஷத்தின் இலக்கங்கள். பிறகு ஐந்து சாம்பிராணி மணிகளைப் பதிப்பார்: மேலே, நடுவே, கீழே, இடது, வலது. ஐந்து காயங்கள். முன்கூட்டியே துளை போடாமல் விட்டால் இந்த இடத்தில் திரி விரிசல் விடும். ஊசியைச் சூடாக்கித் துளைத்து வைப்பது நல்ல சங்கிலித்தியாரின், அதாவது கோயில் பணியாளரின், வேலை. செயற்கைத் திரி கூடாது, போன வருஷத் திரியும் கூடாது.

எல்லா விளக்கும் அணைந்திருக்கும். வாசலில் ஒற்றைச் சுடர். "கிறிஸ்துவின் ஒளி இதோ!" இரண்டாம் முறை பாடிய பின்தான் நம் திரிகள் அதிலிருந்து எரியத் தொடங்கும், மூன்றாம் முறைக்குப் பிறகே கோயில் விளக்குகள். இந்த இரண்டு நிமிஷ இருட்டைத்தான் செல்போனைத் தூக்கிப் பிடிப்பவர்கள் பாழாக்குகிறார்கள். கையெடுத்துக் கேட்கிறோம், பைக்குள் வையுங்கள். அந்த இருட்டுதான் கல்லறை. ஒரு சுடர் இரண்டாகி, நூறாகி, முன்னால் நிற்கும் கிழவியின் முகம் திடீரென்று பொன்னாய்த் தெரியும்போது மண்டியிட்டுவிடத் தோன்றும். தோன்றினால் மண்டியிடுங்கள்.

வாசகங்கள் நீளம். பழைய ஏற்பாட்டில் ஏழு. சுருக்கினாலும் செங்கடல் கடந்த வாசகத்தை விட மாட்டார்கள். பிள்ளைகளை அந்நேரம் மடியில் தூங்கவிட்டு, "உன்னதங்களிலே" என்று தொடங்கும் வானவர் கீதத்துக்கு எழுப்புங்கள். பெரிய வியாழனிலிருந்து ஊமையாயிருந்த மணிகளெல்லாம் ஒன்றாக அடிக்கும், நாற்பது நாளுக்கு மேல் வாயில் வராத அல்லேலூயா மூன்று முறை உயரும். திரை விலகி உயிர்த்த ஆண்டவர் சுரூபம் எழும்பும் ஊர்களில் வேட்டும் சேரும். கைப்பிள்ளைகளின் காதைப் பொத்திக்கொள்ளுங்கள்.

கல்லறைத் தோட்டத்தில் அழுதுகொண்டு நின்ற மகதலா மரியாவுக்கு உயிர்த்த ஆண்டவர் முகம் தெரியவில்லை, தோட்டக்காரர் என்றுதான் நினைத்தாள். அவர் பேர் சொல்லிக் கூப்பிட்டதும் தெரிந்தது. ஆண்டவரே, மடியில் முடிந்த ஓரியூர் மண்ணோடு நிற்கிற இந்தச் சனத்தையும் நீர் பேர் சொல்லித்தானே கூப்பிடுகிறீர். பிள்ளை வரம் கேட்டு வந்தவள், கடனோடு வந்தவன், போன மாசம் புருஷனைப் புதைத்துவிட்டு வந்தவள், எல்லாரும் ஒரே தொண்டையில் பாடுகிறார்கள். சாவு முடிவில்லை என்று காட்டினீரே, அதற்கு என்ன கொடுத்துத் தீர்ப்போம்! தோத்திரம், ஆண்டவரே, தோத்திரம்.

பாஸ்கா திரியைத் தண்ணீரில் இறக்கி மந்திரித்த தீர்த்தத்தைப் பிடிக்க முண்டியடிக்க வேண்டாம். பூசை முடிந்ததும் நிதானமாகப் பிடிக்கலாம். வீட்டுக்கு வந்ததும் வாசல்படியில் தெளியுங்கள், நோயாளி இருந்தால் முதலில் அவர் நெற்றியில்.