லங்காஸ்டரில் ஒரு கல்லறையைத் தேடி

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், பிலடெல்பியாவிலிருந்து லங்காஸ்டருக்கு ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம் ஆகும். அங்கே இறங்குபவர்களில் பலர், நவீன வசதிகளைத் தவிர்த்து எளிமையாக வாழும் ஆமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் பண்ணைகளைப் பார்க்கப் போகிறார்கள். நான் தேடிப் போனது, செஸ்ட்நட் தெருவும் மல்பெரி தெருவும் சந்திக்கும் மூலையில் இருக்கும் ஷ்ரைனர் கல்லறைத் தோட்டத்தை. அடிமைமுறையை எதிர்த்துப் போராடிய அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினரும் 1868 ஆகஸ்டில் இறந்தவருமான தாடியஸ் ஸ்டீவன்ஸ் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டார்.

கல்லில் வெட்டிய வாசகத்தை ஒவ்வொரு வரியாக விரலால் தொட்டுப் படித்தேன். இந்த ஒதுக்குப்புறத்தில் தாம் இளைப்பாறுவது தனிமை விருப்பத்தால் அன்று என்றும், மற்றக் கல்லறைத் தோட்டங்களின் விதிகள் இனம் பார்த்து இடம் தருவதைக் கண்டு, படைத்தவன் முன் மனிதர் யாவரும் சமம் என்று வாழ்நாளெல்லாம் சொல்லிவந்ததைச் சாவிலும் காட்டவே இதைத் தேர்ந்ததாகவும் அது சொல்கிறது. நெடுநேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

1792இல் வெர்மான்ட் மாநிலத்தின் டான்வில் என்ற ஊரில், ஒரு பாதம் வளைந்த நிலையில் பிறந்தவர் அவர். தந்தை குடும்பத்தைக் கைவிட்டபின் நான்கு மகன்களையும் வளர்த்த தாய், நடக்கச் சிரமப்பட்ட இந்தப் பிள்ளையைப் படிக்கவைப்பதில் உறுதியாக இருந்தார். பிற்காலத்தில் பென்சில்வேனியாவில் இலவசப் பள்ளிச் சட்டத்தை நீக்க முயற்சி நடந்தபோது, 1835இல் மாநிலப் பேரவையில் அவர் ஆற்றிய உரைதான் அதைக் காப்பாற்றியது. அவர் வேறெதுவும் செய்யாதிருந்தாலும் இதற்காகவே அவரை வணங்கியிருப்பேன். சில ஆண்டுகளில் மாநிலத்தின் புதிய அரசமைப்பு கறுப்பின ஆண்களின் வாக்குரிமையைப் பறித்தபோது, அதை உருவாக்கிய மாநாட்டில் உறுப்பினராக இருந்தும் கையொப்பமிட மறுத்தார்.

உள்நாட்டுப் போரின்போது நாடாளுமன்றத்தின் கீழவையில் நிதிக்குழுவின் தலைவராகப் போர்ச்செலவுக்குப் பணம் திரட்டியவரும் அவரே. 1863இல், அடிமைமுறையைக் காக்கப் பிரிந்துபோன தென்மாநிலங்களின் படைகள் அவருடைய இரும்பு ஆலையை எரித்தன. போருக்குப்பின், விடுதலை பெற்ற அடிமைகளுக்குக் குடியுரிமையும் சட்டத்தின் சமப் பாதுகாப்பும் தந்த அரசமைப்பின் 14ஆம் திருத்தத்துக்காகப் பாடுபட்டார்; தோட்ட முதலாளிகளின் நிலத்தைப் பறித்து விடுதலை பெற்றவர்களுக்குப் பகிர்ந்தளிக்க வேண்டும் என்ற அவருடைய கோரிக்கை மட்டும் ஏற்கப்படவில்லை. குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சன் மீதான பதவிநீக்க விசாரணைக்கு, நடக்க முடியாத நிலையிலும் நாற்காலியில் தூக்கிச் செல்லப்பட்டார்.

தெற்கு குயின் தெருவில் அவர் வாழ்ந்த வீட்டையும் பார்த்தேன். அந்த வீட்டை இருபது ஆண்டுகள் பொறுப்பேற்று நடத்திய லிடியா ஹாமில்டன் ஸ்மித், ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண்மணி. அங்கே கண்டெடுக்கப்பட்ட பழைய நீர்த்தொட்டியில், தப்பி வந்த அடிமைகள் ஒளிந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

தம் உயிலில் ஸ்டீவன்ஸ், அநாதைப் பிள்ளைகளுக்கு இன வேறுபாடு இல்லாத பள்ளி ஒன்று அமைக்கப் பணம் ஒதுக்கினார். அதிலிருந்து எழுந்த கல்லூரி இன்றும் லங்காஸ்டரில் நடக்கிறது. அதே உயிலில் இன்னொரு ஏற்பாடும் உண்டு. வெர்மான்டின் பீச்சம் ஊரில் உள்ள தாயின் கல்லறையைப் பேணவும், ஆண்டுதோறும் வசந்தத்தில் அதன் நான்கு மூலைகளிலும் ரோஜாச் செடிகள் நடவும் 500 டாலரை எழுதிவைத்தார். அந்த ஊருக்கு ஒரு வசந்தத்தில் போய்வர வேண்டும் என்று திரும்பும் ரயிலிலேயே முடிவு செய்தேன்.