கால் கிலோ நாணல்

பிரான்ஸ் நாட்டு வார் பகுதியிலிருந்து கால் கிலோ நாணல் வந்திருக்கு. ஓபோங்கிற மேல்நாட்டு ஊதுகருவியை வாசிக்கிறவனுக்கு இதுதான் தீபாவளி பார்சல். அதுல வாயில வச்சு ஊதுற இரட்டை நாக்கை இந்த நாணல்லதான் செய்யணும். பிரிச்சதும் சாப்பாடு மறந்துபோச்சு.

முதல்ல குறுக்களவு. எனக்கு 10 முதல் 10.5 மி.மீ. வரைக்கும் இருக்கணும். அடுத்து கண்ணாடி மேல உருட்டல். நேரான தட்டை சத்தமில்லாம ஓடும், வளைஞ்சது தட்டுத்தடுமாறும். அடியில வெளிச்சம் தெரிஞ்சா அப்பவே ஒதுக்கிடுவேன். பாதிக்கு மேல இங்கேயே காலி. காசை நினைச்சா வயிறு எரியுது.

தேறினதை மூணா பிளந்து, உள்பக்கத்தை நடுவில் 0.6 மி.மீ. கனத்துக்குக் குடையணும். அப்புறம்தான் உண்மையான சோதனை. காய்ஞ்ச துண்டை மேசை மேல போட்டுக் கேளுங்க. கெட்டியானது 'டிங்'னு மேல் சுருதியில் பேசும், மெத்துனு இருக்கிறது 'டொப்'. உள்பக்கம் நகத்தால் அழுத்தினா, இளசுல தடம் விழும். ரெண்டு முனையையும் பிடிச்சு லேசா முறுக்கினா, எவ்வளவு எதிர்க்குதுன்னு விரலுக்கே தெரியும். தங்க மஞ்சள் நிறம், மேல பழுப்புப் புள்ளி இதெல்லாம் பார்க்க அழகுதான். ஆனா நிறத்தை நம்பி நான் ஏமாந்த கதை நிறைய.

நம்ம நாகசுரச் சீவாளியும் இரட்டை நாக்குதான், நாணல் தட்டைதான். அங்கேயும் இதே தலைவலிதான் இருக்கும்.

இப்போ மேசையில 11 துண்டு மிச்சம். அதுல ஒண்ணு 'டிங்'கா 'டொப்'பான்னு இன்னும் முடிவாகலை. பத்து தடவை போட்டுப் பார்த்தாச்சு, பக்கத்து அறையிலிருந்து அதட்டலும் வந்தாச்சு.