படத்தின் மூலையில் ஒரு பெயர்

1988, பி.எஸ்சி. பாட்டனி இரண்டாம் ஆண்டு. சென்னை கதீட்ரல் சாலையில் இருக்கும் தோட்டக்கலைச் சங்கத் தோட்டத்துக்கு எங்களைக் கூட்டிப்போனார்கள். ஜெமினியில் பஸ்ஸை விட்டு இறங்கி, கையில் பழைய பேப்பர் கட்டும் பிளேடுமாக நடந்தோம். பக்கத்திலேயே உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஹோட்டல் இருந்ததால் பாதிப் பேருக்கு நினைப்பெல்லாம் அங்கேதான்.

மேடம் ஒரு நாகலிங்கப் பூவை எடுத்து நெடுக்காகப் பிளந்தார். கோயிலில் பார்த்துப் பழகிய பூ, ஆனால் மரம் தென் அமெரிக்காவிலிருந்து வந்தது என்பதே அன்றைக்குத்தான் தெரியும். லிங்கத்தைச் சுற்றி வளையமாக இருப்பதும் மகரந்தக் கேசரம், பாம்பு படமெடுத்த மாதிரி மேலே கவிந்திருப்பதும் மகரந்தக் கேசரம், ஆனால் அந்தப் பாம்புப் படத்தில் இருக்கிற மகரந்தம் முளைக்காது, அது தேனீக்குத் தீனி மட்டும்தான், அதைத் தேடி உள்ளே நுழைகிற தேனீயின் உடம்பில் வளையத்தின் நல்ல மகரந்தம் ஒட்டிக்கொள்ளும். நான் வாயடைத்துப்போய் நின்றேன்.

அப்புறம் மர நிழலில் உட்கார்ந்து இந்தச் சங்கத்தின் கதையைச் சொன்னார். 1835இல் தொடங்கியது, அதற்குப் பாடுபட்டவர்களில் முக்கியமானவர் ராபர்ட் வைட், கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர். 1838 முதல் 1853 வரை இந்தியத் தாவரங்களின் படங்களை ஆறு தொகுதிகளாக வெளியிட்டார், 2,000க்கும் மேற்பட்ட படங்கள். வரைந்து கொடுத்தவர்கள் நம் ஊர் ஓவியர்கள், முதலில் ரங்கையா, பிறகு கோவிந்து. படத்தின் மூலையில் அவர்கள் பெயரையும் அச்சிட்டிருக்கிறார். ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே 'கோவிந்தூயா' என்று பெயர் வைத்தார். இப்போது அதை டிரோபிடியா என்ற வேறொரு பேரினத்தோடு சேர்த்துவிட்டார்கள், வகைப்பாட்டு விதிப்படி சரிதான், இருந்தாலும் எனக்கு வருத்தம்.

மறுநாள் ரெக்கார்ட் நோட்டில் பாடப்புத்தகத்தைப் பார்த்து வரைந்திருந்த என் பூவை மேடம் குறுக்கே அடித்துவிட்டு, "கையில இருக்கிறதைப் பாத்து வரைம்மா" என்றார். ஐந்து தடவை வரைந்தேன். ஆறாவதுக்குத்தான் கையெழுத்துப் போட்டார். இன்றைக்கு மெல்போர்னில் மைக்ரோஸ்கோப் முன்னால் உட்காரும்போதெல்லாம் அந்தக் குரல் கேட்கும்.

போன டிசம்பரில் மகளைக் கூட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். டிரைவ்-இன் இருந்த இடத்தில் 2010இலேயே செம்மொழிப் பூங்கா வந்துவிட்டது. ரங்கையா, கோவிந்து கதையை நடந்துகொண்டே அவளுக்குச் சொன்னேன், வீட்டுக்கு வந்ததும் அந்தப் படங்களை இணையத்தில் தேடி எடுத்து மூலையைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

என் ரெக்கார்ட் நோட்டு வீடு மாற்றியபோது தொலைந்துவிட்டது. நம் பேட்ச்சில் யாராவது உங்களுடையதைப் பத்திரமாக வைத்திருந்தால், நாகலிங்கப் பக்கத்தை மட்டும் படம் எடுத்து அனுப்புங்கள்.