மணல் ஓடும் ஆற்றுக்கும் காவல் வேண்டும்

செட்டிநாட்டில் ஆறு என்றால் வருஷத்தில் பாதிக்கு மேல் மணல்தான். தேனாறு, மணிமுத்தாறு, பாம்பாறு எல்லாமே மழைக்கு ஓடிக் கோடையில் காய்ந்துபோகிற ரகம். "தண்ணியே இல்லாத ஆத்துக்கு எதுக்குத் தம்பி இம்புட்டுச் சோதனை?" என்பார், எங்கள் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துப் பக்கம் மாடு மேய்க்க வரும் பெரியவர். தண்ணீர் இல்லாததால்தான் சோதனை அதிகம் வேண்டும் ஐயா என்பேன். காவிரி மாதிரி ஓடுகிற ஆற்றில் கலந்தால் கழிவு நீர்த்துப்போகவாவது வழியுண்டு. இங்கே சித்திரை, வைகாசியில் நாங்கள் வெளியே விடுவதுதான் ஆறு. அது கண்மாயில் போய் நிற்கும். மாடும் அதைத்தான் குடிக்கும்.

பாதாளச் சாக்கடையில் வரும் தண்ணீரில் முதலில் கம்பி வலையில் மாட்டுவது துணி, ஷாம்பு பாக்கெட், முடி. கல்யாண மாதங்களில் கூடவே பந்தி எண்ணெயும் ஏடு கட்டி வரும். இதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற அழுக்கு, வழித்து எடுத்துவிடலாம். ஆற்றைக் கொல்வது கரைந்திருப்பது. அதை அளக்கிற கணக்குதான் பிஓடி: கழிவைத் தின்று தீர்க்க நுண்ணுயிர்களுக்கு வேண்டிய ஆக்சிஜன். வீட்டுக் கழிவுநீரில் லிட்டருக்கு 200, 300 மில்லிகிராம் என்பது சாதாரணம். நம்மூர் 30 டிகிரி சூட்டில் நல்ல தண்ணீரிலேயே கரைந்திருக்கும் ஆக்சிஜன் ஏழரை மில்லிகிராம்தான். அப்படியே விட்டால் மீனுக்கு மூச்சு ஏது? அதனால் ஆற்றில் நடக்க இருந்த அந்தத் தீனியைத் தொட்டிக்குள்ளேயே, புளோயர் காற்று கொடுத்து முடித்துவிடுகிறோம். வேலை மொத்தமும் இவ்வளவுதான்.

மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 2017 அறிவிக்கையின்படி, பெருநகரம் அல்லாத ஊர்களில் வெளியேறும் நீரின் பிஓடி லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். ஆனால் இந்தச் சோதனைக்கு 27 டிகிரியில் 3 நாள் வைக்க வேண்டும். முடிவு வரும்போது அந்தத் தண்ணீர் கண்மாய்க்கே போயிருக்கும். அதனால் எனக்கு நம்பிக்கை அந்த ஒரு லிட்டர் கண்ணாடிக் குழாய் மேல்தான். தொட்டித் தண்ணீரை அதில் மொண்டு ஜன்னலோரம் வைத்துவிடுவேன். சில நிமிஷத்தில் நுண்ணுயிர்க் கூட்டமான பழுப்புத் துணுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டும், கனம் கூடி இறங்கும், மேலே தெளிவு விழும். அரை மணி நேரத்தில் சகதி 300 மில்லி அளவில் படிந்து, மழை பெய்த மண் வாசம் அடித்தால் அன்றைக்குக் கவலையில்லை. கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் வந்தால் காற்று போதவில்லை. நீண்ட நேரம் கரண்ட் போய், ஜெனரேட்டரும் மக்கர் செய்தால் இதுதான் நடக்கும். நுண்ணுயிர்கள் செத்துப்போனால் மீண்டும் பெருக நாளாகும்.

இன்னொன்று எனக்கு உறுத்தல். அந்த 2017 விதியில் பாஸ்பேட்டுக்கு வரம்பே இல்லை. தாளில் எல்லாம் பாஸ், கண்மாயில் ஆகாயத்தாமரை. புளோயரை அவ்வப்போது நிறுத்தி ஓட்டினால், அதே மாதிரி செடியை வளர்க்கும் நைட்ரேட் ஓரளவு குறையும். பாஸ்பேட் அதற்கெல்லாம் மசியாது. அது பயிருக்கு உரம், கண்மாய்க்கு நோய். என்னைக் கேட்டால், கோடையிலாவது இந்தத் தண்ணீரை மாட்டுத்தீவனப் புல் போடுகிறவர்களுக்குக் குழாய் வழியே கொடுத்துவிடலாம். புல்லுக்குக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். குழாய்க்குத்தான் இன்னும் பணம் ஒதுக்கவில்லை.